சிறுத்தை பிறந்த மண்ணில் சாக்கடை

விழுப்புரத்திலோ கடலூரிலோ ஒரு சேரிக்குள் நுழைந்தால் ஏதாவது ஒரு சுவரில் சிறுத்தை பாய்ந்துகொண்டிருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தோழர்கள் பலரும் மும்பையைச் சொல்வார்கள். 1972இல் அங்கே தொடங்கிய தலித் பேந்தர்ஸ், 1982இல் மதுரையில் மலைச்சாமி தொடங்கிய தமிழ்நாட்டுக் கிளை, பிறகு விடுதலைச் சிறுத்தைகள் என்று வரிசை வரும். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் ஒரு படி பின்னே போய், 1966இல் ஓக்லாந்தில் தொடங்கிய கருஞ்சிறுத்தைக் கட்சியைச் சொல்வார்கள்.

அதற்கும் முன்னால் ஓர் ஊர் இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள லௌண்ட்ஸ் கவுண்டி. கவுண்டி என்பது நம் வட்டம், தாலுகா போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. 1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே மக்கள்தொகையில் 80 விழுக்காடு கறுப்பர்கள். வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர்கூட இல்லை. பட்டியலில் பெயர் சேர்க்கப் போனவர்களைப் பண்ணை முதலாளிகள் குடியிருந்த வீட்டைவிட்டு விரட்டினார்கள். விரட்டப்பட்ட குடும்பங்கள் நெடுஞ்சாலை ஓரம் கூடாரம் போட்டு வாழ்ந்தன. அந்தக் கூடாரங்களின் மீதும் துப்பாக்கிச் சூடு நடந்தது. செல்மா நடைப்பயணத்துக்கு உதவ வந்த வயோலா லியுசோ என்ற வெள்ளைப் பெண்மணி 1965 மார்ச்சில் கொல்லப்பட்டது இந்த லௌண்ட்ஸ் சாலையில்தான்.

அந்த மக்கள் ஸ்டோக்லி கார்மைக்கேல் போன்ற இளைஞர்களோடு சேர்ந்து தமக்கென்று ஒரு கட்சி தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்கள் நிறைந்த மாநிலம் என்பதால், நம் தேர்தலைப் போலவே அங்கும் கட்சிக்குச் சின்னம் வேண்டும். அலபாமாவின் ஆளும் ஜனநாயகக் கட்சிக்குச் சின்னம் வெள்ளைச் சேவல். வெள்ளையர் மேலாதிக்கத்தைப் பச்சையாக அறிவிக்கும் வாசகம் அதனுடன் அச்சிடப்பட்டிருந்தது. சேவலுக்கு எதிராக லௌண்ட்ஸ் மக்கள் தேர்ந்தெடுத்த சின்னம் பாயும் கருஞ்சிறுத்தை. அங்கிருந்துதான் அது ஓக்லாந்துக்கும் மும்பைக்கும் மதுரைக்கும் வந்தது.

அந்தச் சிறுத்தை பிறந்த மண்ணில் இன்று வீட்டுக் கொல்லையில் மலநீர் தேங்கி நிற்கிறது. அது ஏன் நிற்கிறது, அதை ஏன் ஓர் அரசும் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நமக்கும் இதில் பாடம் இருக்கிறது.

கரிசல் மண்ணும் கழிவுநீரும்

லௌண்ட்ஸ் இருக்கும் பகுதிக்குக் 'கறுப்பு மண்டலம்' என்று பெயர். முதலில் மண்ணின் நிறத்தால் வந்த பெயர் அது. பிறகு மனிதரின் நிறத்தையும் குறிக்கத் தொடங்கியது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலை மிதித்தவர்களுக்கு அந்த மண்ணை விளக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், பருத்திக்கு உகந்தது. அந்தப் பருத்திக்காகத்தான் கறுப்பர்களை விலைக்கு வாங்கி அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள்.

அந்த மண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. சாதாரண செப்டிக் டேங்கிலிருந்து வெளியேறும் நீரை மண் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். கரிசலில் அது நடக்காது. மழைக்காலத்தில் கழிவு மேலே பொங்கி வரும், சில வீடுகளில் குளியல் தொட்டி வழியாகத் திரும்பி வீட்டுக்குள்ளேயே வரும். அந்த மண்ணுக்கு ஏற்ற, மேடு அமைத்துக் கட்டும் சிறப்பு அமைப்புக்குப் பதினைந்தாயிரம் டாலருக்கு மேல் செலவாகும். பல குடும்பங்களின் ஓராண்டு வருமானத்தை அது விழுங்கிவிடும். எனவே நிறைய பேர் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கழிப்பறையிலிருந்து நேராகக் கொல்லைக்கு விட்டுவிடுகிறார்கள். குழாயின் மறுமுனையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

நகரங்களில் பாதாளச் சாக்கடை போடுவது அரசின் வேலை. லௌண்ட்ஸ் போன்ற கிராமப்புறத்தில் அது தனி மனிதரின் சொந்தப் பொறுப்பு. மலத்தை அப்புறப்படுத்துவது பொதுக் கடமையா, தனிக் கடமையா என்பதை நீங்கள் எங்கே வாழ்கிறீர்கள் என்பது தீர்மானிக்கிறது. நீங்கள் எங்கே வாழ்கிறீர்கள் என்பதை உங்கள் பாட்டன் யாருடைய அடிமை என்பது தீர்மானித்திருக்கிறது.

நோயாளியைக் குற்றவாளி ஆக்குதல்

அலபாமா சட்டப்படி, முறையான கழிவு அமைப்பு இல்லாமல் வீட்டில் வசிப்பது குற்றம். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் லௌண்ட்ஸில் பல குடும்பங்களுக்கு நோட்டீஸ் வந்தது. கைது மிரட்டல் வந்தது. சிலர் கைதும் செய்யப்பட்டார்கள். செப்டிக் டேங்க் கட்டப் பணமில்லாத குற்றத்துக்கு அபராதம். அபராதம் கட்டிவிட்டால் செப்டிக் டேங்குக்கு மிச்சம் எது?

இதை உலகறியச் செய்தவர் கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ், லௌண்ட்ஸில் வளர்ந்த கறுப்பினப் பெண்மணி. கழிவுநீர் தேங்கிய ஒரு வீட்டுக்குப் போய்வந்த பிறகு அவர் உடலில் தடிப்புகள் தோன்றின. மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தார்கள், எதுவும் தெரியவில்லை. அமெரிக்காவில் இல்லை என்று மருத்துவர்கள் நம்பிக்கொண்டிருக்கும் நோய் ஏதாவது இங்கே இருக்குமோ என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து ஓர் ஆய்வு பிறந்தது. 2017இல் வெளியான அந்த ஆய்வில், மல மாதிரி கொடுத்த 55 பேரில் 19 பேரிடம் கொக்கிப்புழுத் தொற்றின் தடயம் கிடைத்தது. கொக்கிப்புழு என்றால் நமக்குத் தெரியும். மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் தோலைத் துளைத்து ஏறி, குடலில் தங்கி இரத்தம் குடிக்கும் புழு. இரத்தசோகையும் சோர்வும் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவும் அதன் விளைவுகள். உலகின் மிகப் பெரிய பணக்கார நாட்டில், அது ஒழிந்துபோய்விட்டது என்று பாடநூல்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், இது கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஃபிலிப் ஆல்ஸ்டன், வளர்ந்த நாடொன்றில் தான் பார்த்திராத காட்சி இது என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாநில அரசு என்ன செய்தது? ஆய்வின் முறையைக் குறை சொன்னது. 55 பேர் போதாதாம். உண்மைதான், 55 சிறிய எண்ணிக்கை. பின்னர் அலபாமாவின் கிராமப்புறக் குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வில் கொக்கிப்புழு கிடைக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் புழு இருக்கிறதா இல்லையா என்ற வாதத்தில் கொல்லையில் நிற்கும் மலநீரை மறக்க வேண்டாம். அதைப் பார்க்க நுண்ணோக்கி தேவையில்லை. எத்தனை வீடுகளில் அது நிற்கிறது என்ற கணக்கை எடுக்க வேண்டியவர் யார்? பொதுச் சுகாதாரத் துறை. அதைத் துறை எடுக்கவில்லை. ஓர் ஆர்வலரும் சில ஆய்வாளர்களும் 55 பேரிடம் கையேந்தி மாதிரி வாங்கவேண்டி வந்ததே அதனால்தான்.

அழிக்கப்பட்ட கணக்கு

லௌண்ட்ஸில் கணக்கு தொலைந்துபோவது இது முதல் முறை அல்ல. 1906இல் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ் அந்தக் கவுண்டிக்குப் போனார். அம்பேத்கர் 1946இல் கடிதம் எழுதினாரே, அதே டுபாய்ஸ். அமெரிக்க அரசின் தொழிலாளர் துறைக்காக, உதவியாளர்களோடு ஆயிரக்கணக்கான குடும்பங்களை வீடு வீடாகச் சந்தித்தார். நிலம் யாரிடம் இருக்கிறது, கடன் யாருக்கு, குத்தகை எப்படி என்று வரைபடங்களும் அட்டவணைகளுமாக ஓர் ஆய்வை முடித்துக் கொடுத்தார். அரசு அதை அச்சிட மறுத்தது. அரசியலைத் தொடுகிறது என்பது காரணம். சில காலம் கழித்துக் கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கேட்டபோது, அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது.

அதே 1906இல் டுபாய்ஸ் கறுப்பர்களின் உடல்நலம் பற்றி இன்னொரு ஆய்வையும் வெளியிட்டார். அப்போது அமெரிக்காவில் செல்வாக்கோடு இருந்த கருத்து என்ன? 1896இல் ஃபிரெடரிக் ஹாஃப்மன் என்ற காப்பீட்டு நிறுவனப் புள்ளியியலாளர் எழுதிய நூல், கறுப்பர்கள் அதிகமாகச் சாவதற்கு அவர்களின் இனக்குணமே காரணம் என்றது. காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பர்களைத் தவிர்க்க அந்த வாதம் வசதியாக இருந்தது. டுபாய்ஸ் எண்களை எடுத்து வைத்து அதை உடைத்தார். சாவு விகிதத்தைத் தீர்மானிப்பது வீடும் தண்ணீரும் கூலியும் என்றார். எண்ணிப் பார்த்தால் இனவெறியின் பொய் நிற்காது. அதனால்தான் எண்ணுவதை ஆதிக்கம் வெறுக்கிறது.

ராக்ஃபெல்லரின் பணத்தில் 1909 முதல் தெற்கு அமெரிக்காவில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் நடந்தது. இரத்தசோகையால் சோர்ந்து கிடந்த ஏழைகளைப் பார்த்து, அந்தப் புழுவைச் 'சோம்பேறித்தனத்தின் கிருமி' என்று பத்திரிகைகள் எழுதின. பின்னர் அதே இயக்கம் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தது. அங்கே புழு யார் குடலில் இருந்தது என்று சொல்ல வேண்டுமா? தமிழ்நாட்டின் சேரிகளிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் குடலில். மருந்து கொடுத்தார்கள். கழிப்பறை கட்டத் தோட்ட முதலாளிகள் தயங்கினார்கள். மருந்து உடலுக்குள் போனது, மலம் மண்ணிலேயே கிடந்தது, தொற்று திரும்பி வந்தது. மருந்து தருமம், கழிப்பறை உரிமை. தருமம் கொடுக்க முதலாளிக்கு மனம் வரும், உரிமை கொடுக்க வராது.

"எண்ணினால் மட்டும் போதுமா?" என்று கேட்கலாம். போதாது. லௌண்ட்ஸ் இருக்கும் அதே கறுப்பு மண்டலத்தில் மேக்கன் கவுண்டி என்று ஒன்று உண்டு. அங்கே 1932 முதல் 1972 வரை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை கிரந்தி நோய் கண்ட 399 கறுப்பர்களைத் துல்லியமாக எண்ணியது, சோதித்தது, குறிப்பெடுத்தது. பெனிசிலின் வந்த பிறகும் மருந்து கொடுக்காமல் எப்படிச் சாகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. டஸ்கீகி ஆய்வு என்று உலகம் அறிந்த கொடுமை அது. எனவே கேள்வி இரண்டு: எண்ணுகிறார்களா? யாருக்காக எண்ணுகிறார்கள்? எண்ணப்படுகிறவர்கள் கையில் அந்தக் கணக்கு வர வேண்டும். அப்போதுதான் அது ஆயுதம்.

பூட்டைத் திறந்த ஒரு சட்டப் பிரிவு

அமெரிக்கக் கிராமங்களில் மருத்துவமனை கட்டிய பெரிய சட்டம் 1946இல் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் லிஸ்டர் ஹில், அலபாமாவின் செனட்டர். மத்திய அரசின் பணத்தில் ஊர் ஊராக மருத்துவமனை எழும்பியது. அதே சட்டம், கறுப்பருக்குத் தனி, வெள்ளையருக்குத் தனி என்று மருத்துவமனை கட்டவும் அனுமதித்தது. சுருக்கமாகச் சொன்னால், இரட்டைக் குவளைக்கு அரசு மானியம். அந்தப் பிரிவு செல்லாது என்று நீதிமன்றம் சொல்ல 1963 ஆனது.

1964இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன் ஆறாவது பிரிவு, அரசின் பணத்தை வாங்கும் எவரும் இனப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 1966 ஜூலையில் முதியோருக்கான மெடிகேர் மருத்துவக் காப்பீடு தொடங்கியபோது அரசு ஒரு நிபந்தனை வைத்தது: பணம் வேண்டுமானால் வார்டுகளில் உள்ள நிறச்சுவரை இடி. சில மாதங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் கதவைத் திறந்தன. நூறாண்டு காலப் 'பண்பாடு', 'மரபு', 'மக்கள் மனநிலை' எல்லாம் காசோலை நிற்கப் போகிறது என்றதும் காணாமல் போயின. சாதி மனநிலை மாற இன்னும் பல தலைமுறை ஆகும் என்று நமக்குப் பொறுமை உபதேசம் செய்கிறவர்கள் இந்த ஒரு பக்கத்தைப் படித்தால் போதும். மனம் மாறும்வரை அந்தச் சட்டம் காத்திருக்கவில்லை; பணத்தைப் பிடித்தது.

ஆனால் அலபாமா கற்றுக்கொண்டது வேறு பாடம். கதவைத் திறந்துவைக்கச் சொன்னால், கட்டடமே இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். லௌண்ட்ஸ் கவுண்டியில் மருத்துவமனை இல்லை. மாரடைப்பு வந்தாலும் பிரசவ வலி வந்தாலும் மாண்ட்கோமரிக்கோ செல்மாவுக்கோ போக வேண்டும். கார் இல்லாதவர் வேறு யாரையாவது கெஞ்ச வேண்டும்.

ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டை விரிவாக்க 2014 முதல் மத்திய அரசு பணம் தருகிறது. செலவில் 90 விழுக்காட்டை அதுவே ஏற்கிறது. அலபாமா இன்றுவரை வேண்டாம் என்கிறது. அங்கே பிள்ளை பெற்ற ஒரு தாய், மூன்று பேர் கொண்ட குடும்பத்தில் ஆண்டுக்கு ஐயாயிரம் டாலர் சம்பாதித்தால்கூட மெடிகெய்ட் பெற முடியாத அளவுக்குப் 'பணக்காரி'. ஊனமோ குழந்தையோ கர்ப்பமோ இல்லாத ஏழைக்கு எந்த வருமானத்திலும் அது கிடையாது. பணம் இல்லாமலா இப்படிச் செய்கிறார்கள்? கோவிட் நிவாரணமாக மத்திய அரசு கொடுத்த தொகையில் 40 கோடி டாலரை 2021இல் அலபாமா சிறை கட்ட எடுத்துக்கொண்டது. நோய் நிவாரணப் பணத்தில் சிறை! அதற்கு முந்தைய ஆண்டுதான் மாநிலத்திலேயே கோவிட் பரவல் விகிதம் மிக அதிகமாக இருந்த கவுண்டிகளில் ஒன்றாக லௌண்ட்ஸ் இருந்தது. தன் வீட்டின் கழிவுநீர் அவலத்தை வாஷிங்டன் வரை போய்ச் சொல்லிவந்த ஒரு லௌண்ட்ஸ் தாய் அந்த 2020 ஜூலையில் கோவிட்டில் இறந்துபோனார்.

கையெழுத்தும் கிழிப்பும்

2021 நவம்பரில் அமெரிக்க நீதித் துறை, அலபாமா பொதுச் சுகாதாரத் துறை மீதும் லௌண்ட்ஸ் சுகாதாரத் துறை மீதும் விசாரணை தொடங்கியது. பயன்படுத்திய சட்டம் எது? 1966இல் மருத்துவமனைகளைத் திறந்த அதே ஆறாவது பிரிவு. 2023 மே மாதம் உடன்பாடு கையெழுத்தானது. கழிவு அமைப்பு கட்ட வசதியில்லாதவர்கள் மீது வழக்குப் போடுவதை நிறுத்த வேண்டும். எந்தெந்த வீட்டுக்கு என்ன தேவை என்று கணக்கெடுக்க வேண்டும். அதை வைத்துத் திட்டம் தீட்ட வேண்டும். கவனியுங்கள், நடுநாயகமாக இருப்பது மறுபடியும் கணக்கு.

2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு அந்த உடன்பாட்டை ரத்து செய்தது. பன்முகத்தன்மை, சமத்துவம் என்ற பெயரில் நடக்கும் சட்டவிரோதக் காரியங்களில் இதுவும் ஒன்றாம். கொல்லையில் மலம் நிற்கக் கூடாது என்று கேட்பது சலுகை கேட்பதாம்! இனத்தின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்கள் இனத்தின் பெயரைச் சொல்லி நியாயம் கேட்டால் அது பாகுபாடாம். இந்த வாதத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இடஒதுக்கீட்டை எதிர்க்கும் ஒவ்வொரு விவாத மேடையிலும் கேட்டிருப்பீர்கள். சாதியைப் பற்றிப் பேசுவதே சாதியை வளர்ப்பதாகும் என்பது அதன் தமிழ் வடிவம்.

அந்த ரத்தை நியாயப்படுத்திப் பேசிய அதிகாரி, குடியுரிமைப் பிரிவின் தலைவர் ஹர்மீத் தில்லான், சண்டிகரில் பிறந்தவர். ஒருவரின் பிறப்பிடத்தைக் குற்றமாக்க இதைச் சொல்லவில்லை. ஆசியர்களுக்கு அமெரிக்காவின் கதவைத் திறந்த குடியேற்றச் சட்டம் வந்தது 1965 அக்டோபரில். லௌண்ட்ஸ் சாலையில் இரத்தம் சிந்தப்பட்ட அதே ஆண்டு. கறுப்பர்களின் போராட்டம் உருவாக்கிய சூழலில்தான் அந்தக் கதவு திறந்தது. அதன் வழியே போய், ஏணியில் ஏறி, ஏணியை உதைக்கும் இந்தியர்கள் அங்கே குறைவில்லை. அவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு.

"ஏழை வெள்ளையரும் இருக்கிறார்களே"

இதுதான் அடுத்து வரும் வாதம். ஆம், இருக்கிறார்கள். அப்பலாச்சியா மலைப்பகுதியில் வெள்ளை ஏழைகளின் வீட்டிலிருந்தும் கழிவு நேராக ஓடைக்குப் போகிறது. மெடிகெய்டை விரிவாக்காததால் சாகிறவர்களில் வெள்ளையரும் உண்டு. கறுப்பருக்குக் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காகத் தனக்கும் வேண்டாம் என்று சொல்ல வெள்ளை ஏழைக்குப் பல தலைமுறைகளாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். சேரிக்காரனோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதைவிடத் தாகத்தோடு இருக்கலாம் என்று நினைக்கும் நம் ஊர் இடைநிலைச் சாதி ஏழையைப் போல. அவர் ஏமாற்றப்பட்டிருக்கிறார் என்பது உண்மை. அதனால் கறுப்பரின் கணக்கு பொய்யாகிவிடாது.

அந்தக் கணக்கு இதோ. 2023இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிறப்புக்கு மகப்பேற்றில் இறந்த வெள்ளைப் பெண்கள் 14.5. கறுப்புப் பெண்கள் 50.3. 2022இல் ஆயிரம் குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாளுக்குள் இறந்த வெள்ளைக் குழந்தைகள் 4.5. கறுப்புக் குழந்தைகள் 10.9. 'வறுமை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த இடைவெளி அடங்காது. அமெரிக்காவின் பிறப்புப் பதிவிலும் இறப்புச் சான்றிதழிலும் இனத்துக்கு ஓர் இடம் இருப்பதால் இந்த எண்கள் நமக்குத் தெரிகின்றன. அந்த நாட்டின் அரசு இதை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கறுப்பர் இயக்கத்தின் கையில் அந்தக் கணக்கு இருக்கிறது.

அந்த 13 யாருடைய 13?

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரம் பெருமைக்குரியது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அலபாமாவின் கிராமத்துப் பெண்ணுக்குக் கிடைக்காத பிரசவ வசதி நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. கிராமச் செவிலியர் வீடு தேடி வருகிறார். 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, ஆயிரம் பிறப்புக்குக் குழந்தை இறப்பு இந்திய அளவில் 28, தமிழ்நாட்டில் 13. திராவிட இயக்கமும் இடஒதுக்கீட்டில் வந்த மருத்துவர்களும் சேர்ந்து உருவாக்கிய சாதனை இது. அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கேள்வி. அந்த 13 யாருடைய 13? ஊருக்கு எத்தனை? சேரிக்கு எத்தனை? பழங்குடிக் குடியிருப்புக்கு எத்தனை? அந்த மாதிரிப் பதிவுக் கணக்கு, மாநிலவாரியாகப் பிரிக்கிறது, நகரம் கிராமம் என்று பிரிக்கிறது, ஆண் பெண் என்று பிரிக்கிறது. சாதிவாரியாகப் பிரிப்பதில்லை. பள்ளியில் சேர்க்கும்போது சாதி கேட்கிறார்கள். சுடுகாட்டுக்குப் போகும் பாதையில் சாதி பார்க்கிறார்கள். நடுவில் எதனால் செத்தான் என்ற கணக்கில் மட்டும் எல்லோரும் சமமாகிவிடுகிறோம். சராசரி என்பது சாதி ஒளிந்துகொள்ளும் இடம்.

எண்ணாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு லௌண்ட்ஸ் வரை போக வேண்டாம், புதுக்கோட்டைக்குப் போனால் போதும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குழந்தைகளுக்கு உடல்நலம் கெட்டது. சிகிச்சைக்குப் போன இடத்தில் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். மேல்நிலைத் தொட்டிக்குள் பார்த்தால் மலம். பட்டியல் சாதி மக்கள் மட்டும் குடிக்கும் தொட்டி. முதலில் கண்டுபிடித்தது நோயை, நோய் காட்டிக்கொடுத்தது சாதியை. பிறகு நடந்தது என்ன? பாதிக்கப்பட்டவர்களிடமே இரத்த மாதிரி எடுத்தார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து 2025 ஜனவரியில், அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பட்டியல் சாதி இளைஞர்கள் மீதே குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள். அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. வேறு விசாரணை கேட்டார்கள். கொல்லையில் மலநீர் நின்றதற்காக லௌண்ட்ஸ் மக்களுக்கு நோட்டீஸ். குடிநீரில் மலம் கிடந்ததற்காக வேங்கைவயல் மக்களுக்குக் குற்றப்பத்திரிகை. கடல் கடந்தாலும் அரசின் கைவிரல் யாரை நோக்கி நீள்கிறது என்று பாருங்கள்.

சுகாதாரம் என்றதும் மருத்துவமனையையும் மருத்துவரையும் மட்டும் நினைக்க நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். 1927இல் மகத் குளத்துக்கு அம்பேத்கர் மக்களை அழைத்துப் போனார். மனித கௌரவத்துக்கான போராட்டம் அது. கூடவே, நல்ல தண்ணீருக்கான போராட்டமும் அது. தண்ணீர்க் குழாய், சாக்கடைக் கால்வாய், சாய்வு எந்தப் பக்கம், ஊரின் கழிவு எந்தத் தெருவில் போய் நிற்கிறது, மலக்குழிக்குள் இறங்குவது யார், இவை எல்லாம் மருத்துவக் கேள்விகள். லௌண்ட்ஸ் மக்கள் 1965இல் கேட்டது ஓட்டு. 1970இல் ஜான் ஹியூலெட் என்ற கறுப்பரை ஷெரிஃபாகவே தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் நிலமும் மாநிலக் கருவூலமும் மற்றவர் கையிலேயே இருந்தன. ஓட்டு வந்தது, குழாய் வரவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலியில் பட்டியல் சாதிப் பெண்ணை உட்காரவிடாத ஊர்களைப் பார்த்த நமக்கு இது புரியும்.

எனவே தோழர்களே, வேலை இருக்கிறது. அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: நம் ஊராட்சியில் எத்தனை மேல்நிலைத் தொட்டி, எது எந்தத் தெருவுக்கு, கடைசியாக எப்போது கழுவினார்கள், தண்ணீரை எப்போது சோதித்தார்கள்? ஊரின் சாக்கடை எங்கே போய் முடிகிறது? தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள்: நம் ஆரம்ப சுகாதார நிலைய எல்லைக்குள் கடந்த ஐந்தாண்டுகளில் இறந்த குழந்தைகள், இறந்த தாய்மார்கள் எந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள்? பதில் இல்லை என்று வந்தால், நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போங்கள். 1906இல் டுபாய்ஸ் போனது போல. இம்முறை பிரதியை அரசிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

வரப்போகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் எண்ணுவோம் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. யார் எத்தனை பேர் என்று எண்ணுவதோடு நிறுத்திக்கொள்ள விடக் கூடாது. யார் எத்தனை வயதில் சாகிறார்கள் என்றும் எண்ணச் சொல்ல வேண்டும். சுவரில் இருக்கும் சிறுத்தை நமக்கு லௌண்ட்ஸ் மக்கள் கொடுத்தது. அவர்கள் இன்னும் முடிக்காத வேலை, நாம் இன்னும் தொடங்காத வேலை.